விழா மலருக்குத் தலவரலாறு எழுதப்போகிறவர்களுக்கு

நூற்றாண்டு விழாவோ நூற்றைம்பதாவது ஆண்டு விழாவோ நெருங்கினால் பங்குச்சாமியாருக்கு ஒரு மலர் வேண்டும். மலருக்கு ஆயரின் ஆசிச்செய்தி வந்துவிடும், எம்.எல்.ஏ.வின் வாழ்த்து வந்துவிடும், நகைக்கடை விளம்பரமும் வந்துவிடும். தலவரலாறு மட்டும் தானாக வராது. ஊரில் கொஞ்சம் எழுதத் தெரிந்தவர் யார் என்று பார்த்து, பூசை முடிந்து வெளியே வரும்போது தோளில் கைபோட்டுக் கேட்டுவிடுவார். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கடலூர் முதுநகர்க்காரன். அரசு வேலையில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டடத்தை அளந்து காகிதத்தில் இறக்குவது பிழைப்பாக இருந்தது. பிழைப்பு முடிந்த பிறகும் டேப்பைக் கீழே வைக்க மனம் வராமல், கடலூர் புதுச்சேரி வட்டாரத்துக் கிராமக் கோவில்களை அளந்துகொண்டிருக்கிறேன்.

"நம் கோவில் எந்த ஆண்டு கட்டியது?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். அதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கும். ஃபிளெக்ஸ் பேனரில் பெரிய எழுத்தில் தொங்கும். பெரும்பாலும் நூறு ஆண்டு கூடுதலாகவே தொங்கும். கிராமத்துக் கோவிலுக்கு ஒரே வயது கிடையாது. பீடத்துச் சுவர் ஒரு காலம், நடுக்கூடம் ஒரு காலம், முகப்பு வேறொரு காலம், கூரையோ 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலுக்குப் பிறகு மாற்றியது. எந்தப் பகுதி எந்தக் காலம் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடையைக் கட்டடமே சொல்லிவிடும். மீதிக்குத்தான் பதிவேடுகளும் பெரியவர்களும்.

முதலில் புதுச்சேரிக்கு ஒரு பஸ்

உங்கள் ஊர்க் கோவிலை அளக்கும் முன் ஒரு காலைப்பொழுதைப் புதுச்சேரிக்குக் கொடுங்கள். மூன்று கோவில்கள், மூன்றும் வெவ்வேறு காலம். கட்டடக்கலைப் புத்தகத்தில் பத்து அத்தியாயம் படிப்பதைவிட இவற்றின் முன்னால் நின்று பார்ப்பது மேல்.

மிஷன் வீதியில் சம்பா கோவில், அதாவது ஜென்மராக்கினி மாதா பேராலயம். இயேசு சபையார் 1692-இல் கட்டிய முதல் கோவில் மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அழிந்தது. பிறகு எழுப்பியதும் நிலைக்கவில்லை. 1761-இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கினார்களே, அதில் கோவிலும் போயிற்று. இன்று நிற்பது 1791-இல் முடிந்தது. தலத்துக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் வயது, கட்டடத்துக்கு அதைவிட நூறு ஆண்டு குறைவு. இந்த இரண்டு எண்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புவதுதான் நம் மலர்களின் முதல் வியாதி. முகப்பைப் பாருங்கள். தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கும். கீழடுக்கில் தலைப்பு எளிமையான தோரிக், மேலடுக்கில் சுருள் வைத்த அயோனிக். வளைவுகள் எல்லாம் அரைவட்டம்.

அடுத்து துய்மா வீதியில் கப்ஸ் கோவில் என்கிற சம்மனசுகளின் மாதா கோவில், 1855. இங்கும் அரைவட்ட வளைவுதான், ஆனால் கை இன்னும் நளினமாகியிருக்கும். முகப்பு கடலைப் பார்த்துக் கிழக்கே இருப்பதால் பீடம் மேற்கே போய்விட்டது. பீடம் கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். இடமும் தெருவும் அந்த வழக்கத்தை மாற்றிவிடும். உங்கள் கோவிலுக்குப் போகும்போது செல்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பீடம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கில் இல்லையென்றால் ஏதோ காரணம் உண்டு. பழைய பாதை வேறு பக்கம் ஓடியிருக்கலாம், அல்லது கோவிலையே திருப்பிக் கட்டியிருக்கலாம்.

மூன்றாவது, ரயில் நிலையத்துக்கு அருகே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, 1907. உள்ளே போனதும் தலை தானாக மேலே போகும். வளைவுகள் கூர்மையாகிவிட்டன, கண்ணாடி நிறமாகிவிட்டது, தூண்கள் மெலிந்து உயர்ந்துவிட்டன. கோதிக் பாணி நம் கிராமங்களுக்குப் பரவியது பெரும்பாலும் இந்த அலையில்தான்.

கிராமக் கோவிலின் முகப்பு நகரத்தைப் பார்த்துச் செய்தது. உடம்போ, ஊரில் மிராசுதார் வீட்டையும் சத்திரத்தையும் கட்டிய அதே கொத்தனாரின் வேலை. ஆகவே முகப்பை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லாதீர்கள். ஒரு கோவிலில் ஜன்னல்கள் வெளியிலிருந்து கூர்வளைவாக இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் அதே ஜன்னல் அரைவட்டம். பழைய அரைவட்ட வளைவுக்கு மேல் காரையால் கூர்நுனி வைத்து, கோதிக் ஆக்கியிருக்கிறார்கள். ஜன்னலை எப்போதும் இரண்டு பக்கமும் பாருங்கள்.

சுவரும் கூரையும்

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: நீள டேப், கட்டம் போட்ட காகிதம், பென்சில், டார்ச் விளக்கு, கூடப் பிடிக்க ஒரு பையன். நேரம், காலைப் பூசைக்குப் பிறகு. செருப்பை வெளியே விடுங்கள். பீடத்துப் படியேறும் முன் சாமியாரிடமோ, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கோவில்பிள்ளையைச் சிநேகம் பிடித்துவிட்டால் மணிக்கூண்டுச் சாவி, திருப்பண்ட அறைச் சாவி எல்லாம் தானாக வரும்.

முதலில் சுவரின் பருமன். வாசலிலும் ஒவ்வொரு ஜன்னலிலும் டேப்பை வைத்து அளந்துவிடலாம். பீடத்துப் பக்கம் இரண்டரை அடி, முகப்புப் பக்கம் ஒன்றரை அடி என்று வந்தால் இரண்டும் ஒரே கையில் எழுந்த சுவர் அல்ல. பிறகு தூண்களின் இடைவெளி. பத்து அடி, பத்து அடி, பத்து அடி என்று வந்துகொண்டே இருந்து கடைசியில் பதின்மூன்று என்று வந்தால், அங்கேதான் கோவிலை நீட்டியிருக்கிறார்கள். சனம் பெருகினால் வாசல் பக்கம் நீட்டுவதுதான் வழக்கம், பீடத்தை எளிதில் அசைக்கமாட்டார்கள். அதனால் பீடத்தைச் சுற்றிய பகுதி பெரும்பாலும் இருப்பதிலேயே பழையது.

காரை உதிர்ந்த இடம் எங்காவது இருக்கும், கடலோரம் என்றால் நிச்சயம் இருக்கும். உப்பு, சுவரின் அடியிலிருந்து ஏறும். உதிர்ந்து தரையில் கிடக்கிற துண்டை எடுத்துப் பாருங்கள். நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி வருகிறதா, உள்ளே கிளிஞ்சல் துணுக்கு மினுக்குகிறதா? அது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறமாக, நகம் ஏறாமல் இருந்தால் சிமெண்ட், ஒட்டுவேலை. சுவரிலேயே சுரண்டிப் பார்க்காதீர்கள், தரையில் கிடப்பது போதும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறின ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே அரித்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. விழாவுக்கு விழா யாராவது ஒரு நன்கொடையாளர் டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்று வந்துவிடுகிறார்.

முட்டைக் கரு கலந்து கட்டியது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். முட்டை சேர்த்தது உண்மை, ஆனால் அது கடைசியாக மெருகேற்றும் மெல்லிய பூச்சில். சுவர்ச் சாந்தில் சேர்த்தது கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும். சுவர் முழுக்க முட்டை ஊற்றியிருந்தால் தாலுகாவில் கோழி மிஞ்சியிருக்காது.

இனி கூரை. தலைக்கு மேல் தேக்கு உத்தரங்கள் ஓடி, அவற்றுக்கு நடுவே மெல்லிய செங்கற்கள் விளிம்பு தெரியச் சாய்வாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ், நம் ஊர்ப் பேச்சில் மச்சு. அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். உத்தரம் தேக்காக இல்லாமல் இரும்பாக இருந்தால் அதன் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். டார்மன் லாங் என்ற இங்கிலாந்து ஆலையின் பெயர் ஆங்கிலத்தில் புடைத்திருக்கலாம். அந்த ஆலை தொடங்கியதே 1875-இல்தான். ஆகவே அந்தக் கூரை அதற்குப் பிந்தியது.

ஓட்டுக் கூரை என்றால் இன்னும் சுவையான வேலை இருக்கிறது. மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மேற்கூரைப் பலகை இல்லாத கோவிலில் கீழே நின்றபடியே செல்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் படித்துவிடலாம். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியது 1865. அதற்கு முன் இங்கே மங்களூர் ஓடு என்ற பேச்சே கிடையாது. இதில் ஒரு பொறியும் உண்டு. ஓட்டிலேயே 1865 என்று இருக்கும். பார்த்ததும் துள்ளிக் குதித்து, ஆதாரம் கிடைத்துவிட்டது என்று மலரில் போட்டுவிடுவார்கள். அது ஆலை தொடங்கிய ஆண்டு, முத்திரையின் பகுதி. பல ஆண்டுகள் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான். பாசல் மிஷன் என்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்திய ஓடு. போரோடு அந்த ஆலைகள் கைமாறி, பின்னால் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயர் வந்தது. ஒரே கூரையில் இரண்டும் கலந்து கிடந்தால், பழைய ஓடுகளைக் காப்பாற்றி உடைந்தவற்றுக்கு மட்டும் புதிது வாங்கிய சிக்கனக்கார ஊர் உங்களுடையது.

வளைவின் உச்சியில் விரிசலை அடைத்த தழும்பு தெரிந்தால் பெரியவர்களிடம் 2001 செப்டம்பர் 25-ஐ நினைவூட்டிக் கேளுங்கள். புதுச்சேரிக் கடலில் நில நடுக்கம் வந்த நாள் அது. பலருக்கும் பளிச்சென்று நினைவு வரும்.

சுரூபங்களை வைத்துக் காலம் சொல்வது

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. கல்வெட்டே இல்லாத கோவிலிலும் சுரூபங்கள், அதாவது மாதா, புனிதர் சிலைகள் இருக்கும். ஒவ்வொரு பக்தியும் ஒரு காலத்தில் பிறந்தது. லூர்து மாதா கெபி, அதாவது குகை வடிவில் கட்டிய மாடம் இருக்கிறதா? லூர்தில் மாதா காட்சி கொடுத்தது 1858, அதற்கு முன் கெபி இருக்க வழியில்லை. பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு லூர்து மாதா சுரூபம் வந்தது 1877. நம் பக்கத்தில் கெபிகள் பெருகியதற்கு அந்தக் கோவிலின் செல்வாக்கு பெரிய காரணம் என்பது என் எண்ணம். சிறுமலர் தெரேசம்மாள் புனிதையானது 1925. கிறிஸ்து அரசர் திருநாள் ஏற்பட்டதும் அதே ஆண்டு. பாத்திமா மாதா என்றால் 1917-க்குப் பிறகு. அருளானந்தரைப் புனிதராக அறிவித்தது 1947. பீடத்தின் சுவரோடு சேர்த்துக் கட்டிய மாடத்தில் எந்தப் புனிதர் நிற்கிறார், பிற்பாடு மேசை போட்டு வைத்தவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். மாடத்தில் நிற்பவர்தான் கட்டியவர்களின் காலத்தைச் சொல்வார்.

எதிர்ப்பக்கச் சோதனையும் இருக்கிறது. "வீரமாமுனிவர் கட்டிய கோவில்" என்று நம் மாவட்டத்தில் சொல்லாத ஊர் குறைவு. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவிலுக்கு அந்தப் பெருமை உரியது. சேலை கட்டி, தமிழ்ப் பெண்ணாக நிற்கிற மாதா அவர் கொண்டுவந்த கோலம். அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 1711 வாக்கில், இறந்தது 1747. உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் ஆண்டு இந்த எல்லைக்குள் இல்லையென்றால் கட்டியவரையோ ஆண்டையோ ஒன்றைக் கைவிட வேண்டும். சவேரியார் வந்துபோனார் என்றால் அவர் நம் தென்கோடியில் நடமாடியது 1540-களில் என்பதையும், கடற்கரையை விட்டு உள்ளே எவ்வளவு தூரம் வந்திருப்பார் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

பீடத்தில் நடந்த மாற்றத்தையும் விடாதீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதற்கு முன் சாமியார் சனங்களுக்கு முதுகு காட்டிச் சுவரோடு சேர்ந்த பீடத்தில் பூசை வைப்பார். அதன்பின் பீடம் முன்னால் வந்தது, முழந்தாளிட்டு நன்மை (நற்கருணை) வாங்கிய கிராதி பல ஊர்களில் போய்விட்டது. படிக்கட்டின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். வரிசையாக, சம இடைவெளியில், சிமெண்டால் அடைத்த சிறு வட்டங்கள் தெரியும். கிராதியின் கால்கள் நின்ற குழிகள் அவை. அந்தக் கிராதியின் மரமோ இரும்போ எங்கே போனது என்று கேட்டால் பாதி ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைக் காட்டுவார்கள்.

கல்லும் மணியும்

மங்கிப்போன கல்லெழுத்தைப் படிக்க மஞ்சள், மாவு, சுண்ணாம்புத் தூள் எதையும் தேய்க்காதீர்கள். இருட்டியதும் போங்கள். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து பகலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம்.

ரோமன் எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து, வி ஐந்து, ஐ ஒன்று. சிறியது பெரியதற்கு முன்னால் நின்றால் கழிக்க வேண்டும். எம், டி, சி, சி, எக்ஸ், சி, ஐ என்றால் 1791. பிரெஞ்சுக் கல்லறைக் கல் "இசி ரபோஸ்" என்று தொடங்கும், லத்தீன் கல் "ஹிக் யாசெத்" என்று தொடங்கும். இரண்டுக்கும் இங்கே துயில்கிறார் என்பதே பொருள். தமிழ்க் கல் என்றால் தமிழ் எண்களில் ஆண்டு இருக்கலாம். ௧ முதல் ௯ வரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ணை, லை, னை ஆகியவை பழைய சுழிக்கொம்போடு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கல்.

மணியில் பெரும்பாலும் வார்த்த ஊர், ஆண்டு, மணிக்கு வைத்த பெயர் மூன்றும் வார்ப்பிலேயே இருக்கும். சில மணிகளுக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கூட உண்டு. ஆனால் மணியின் ஆண்டு மணிக்கு மட்டுமே ஆண்டு. கோவிலுக்கு முன்பே வந்து கொட்டகையில் தொங்கியிருக்கலாம், ஐம்பது வருடம் கழித்தும் வந்திருக்கலாம்.

பீடத்தின் முன்னால் தரையில் ஒரு சாமியாரின் கல்லறை இருந்தால் பெயரை எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை 1773-இல் கலைத்தார்கள். 1776-இல் இந்தப் பகுதி பாரிஸ் வேதபோதக சபையின் பொறுப்புக்கு வந்தது. அந்தச் சபையின் ஆவணக்காப்பகம் தன் குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் பெயர்வாரியாக வைத்திருக்கிறது. பிரெஞ்சில்தான் இருக்கும், புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த ஒரு தாத்தா கிடைக்கமாட்டாரா? எந்தெந்த ஊரில் இருந்தார், எங்கே கோவில் கட்டினார் என்று அதிலேயே வந்துவிடும்.

பதிவேடுகள்

ஞானஸ்நானப் புத்தகத்தில் முதல் பதிவு எந்த ஆண்டோ அதுதான் கோவில் தோன்றிய ஆண்டு என்று எழுதுவது இரண்டாவது வியாதி. அது உங்கள் ஊர் தனிப் பங்கான ஆண்டாக இருக்கும். அதற்கு முன் வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருப்பீர்கள். பழைய பதிவு தாய்ப் பங்கின் பீரோவில் கிடக்கும். பதிவுகள் லத்தீனில் இருக்கும். பேத்ருஸ் என்று எழுதியிருப்பவரை ஊர் ராயப்பன் என்று கூப்பிட்டிருக்கும், பவுலுஸ் சின்னப்பனாகியிருப்பார், யோவான்னஸ் அருளப்பனாகியிருப்பார். இது தெரியாமல் தேடினால் உங்கள் கொள்ளுத்தாத்தாவையே கண்டுபிடிக்க முடியாது. அந்தப் புத்தகங்களில் பல வீட்டு அந்தரங்கமும் இருக்கிறது. கோவிலைப் பற்றியதை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

புதுச்சேரிப் பிரதேசம் ஒரே துண்டாகக் கிடையாது. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. ஒரே பங்கின் இரண்டு கிளைக் கிராமங்களில் ஒன்று பிரெஞ்சு ஆட்சியிலும் மற்றது ஆங்கிலேய ஆட்சியிலும் இருந்திருக்கலாம். பிரெஞ்சுப் பக்கத்துக் கிராமம் என்றால் மேரி என்ற பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகத்தில் இருந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் தேடலாம். ஆங்கிலேயப் பக்கம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்கிற நில விவரப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேளுங்கள், கோவில் மனை எந்தப் பெயரில் இருந்தது என்று தெரியும். மாவட்டத்தைப் பற்றிப் பொதுவாக அறிய 1906-இல் வந்த தென்னார்க்காடு கெசட்டியர் இன்றும் உதவும்.

கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கட்டியவரும் கும்பிடுகிறவரும் ஒரே சபையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடலூரை ஒட்டிய புனித தாவீது கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, 1749-இல் கடலூரிலிருந்த கத்தோலிக்கக் கோவிலைப் பறித்து, சுவீடன் நாட்டுக் குருவான கியர்நாண்டரின் புரொட்டஸ்டண்ட் மிஷனிடம் கொடுத்தார்கள். 1758-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். போர் வந்துபோன ஊர்களில் கோவிலின் கதை போர்க் கதையோடு சேர்ந்துதான் வரும்.

பெரியவர்களிடம்

ஆரம்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் காட்டில் கிடைத்த சுரூபம், ஓரடிகூட நகராத மாட்டுவண்டி என்ற கதைதான் வரும். அதையும் எழுதுங்கள், கதை என்று சொல்லி எழுதுங்கள். பழுதுபார்த்ததைப் பற்றிக் கேளுங்கள். "ஆயா, உங்களுக்குப் புதுநன்மை கொடுத்தபோது தரை எப்படி இருந்தது? சிவப்புத் தரையா, செங்கல் பாவியதா?" என்று கேட்டால் ஆண்டே தெரியாமல் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். புதுநன்மை வாங்கிய தேதி வீட்டில் எங்காவது எழுதிக் கிடக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் ஆண்கள் கூட்டமாக இருக்கும்போது கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்? சம்பா கோவிலுக்குள்ளேயே பறையர் கிறிஸ்தவர்களையும் மற்ற சாதியாரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அதை எதிர்த்துப் பறையர் கிறிஸ்தவர்கள் குருக்களிடம் முறையிட்டார்கள். 1745-இல் அந்தச் சுவரை இடிக்கச் சொன்னார்கள். இது ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிற சேதி. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலையோ, ஒரே பீடத்தில் சேரும் இரண்டு கூடங்களாகவே கட்டினார்கள். கிராமக் கோவிலில் இதன் தடயம் கட்டடத்திலேயே கிடைக்கும். பக்கவாட்டில் தேவையில்லாமல் ஒரு கூடுதல் வாசல். சிலுவை வடிவத்தின் ஒரு கை மட்டும் நீளம். தரை மட்டத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்றும் ஒரு குட்டைச் சுவர். பொதுவான விளக்கம் வேறு ஏதாவது இருக்கலாம், அதனால் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதாமல் விடாதீர்கள். மலர்க் குழு "இது எதற்கு இப்போது?" என்று கண்டிப்பாகக் கேட்கும். வரைபடத்தில் அந்த வாசலைக் காட்டி, 'பழைய பக்க வாசல், இன்னாருக்கானது' என்று ஒரு வரி போடுங்கள். வரைபடத்தோடு சண்டை போடுகிறவர்கள் குறைவு.

எழுதும்போது

இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஆயரின் படம் முழுப் பக்கத்துக்கு வரும், உங்களுக்குக் கிடைப்பது அதுதான். முதலில் வரைபடத்தைப் போடுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் வரைந்தால் சாதாரணக் கிராமக் கோவில் ஒரு தாளில் அடங்கிவிடும். சுவரைக் காலவாரியாக மூன்று விதமாக நிரப்புங்கள்: முழுக் கறுப்பு இருப்பதிலேயே பழையது, கோடு போட்டது நடுக்காலம், வெறுமையாக விட்டது அண்மையது. அதன்பின் எழுத்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்பதோடு: கல்லில் இருந்தது, ஓட்டில் இருந்தது, பதிவேட்டில் இருந்தது, ஆயா சொன்னது. 'சுமார்' என்ற சொல்லுக்கு வெட்கப்படாதீர்கள். பேனரில் போட்ட எண்ணை மாற்றச் சொல்லிப் போராட வேண்டாம், அது முடியாத காரியம். 'தலம் இத்தனை ஆண்டு, கட்டடத்தின் மிகப் பழைய பகுதி இத்தனை ஆண்டு' என்று உங்கள் பக்கத்தில் இரண்டு எண்களையும் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

அச்சான பிறகு ஒரு பிரதியை ஞானஸ்நானப் புத்தகங்கள் இருக்கும் பீரோவிலும், ஒன்றைப் பேராயர் இல்லத்திலும், ஒன்றைப் புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகத்திலும் கொடுத்துவைக்கலாம். விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து, நீ எழுதியது தப்பு, என் தாத்தாதான் அந்த உத்தரத்துக்கு மரம் கொடுத்தார் என்று சத்தம் போடுவார்கள். நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பழைய போட்டோ அவர்கள் வீட்டில்தான் இருக்கும்.